கீழே மட்டும் ஏன் அடைக்கிறது?

சகோதரி, நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். கோலாலம்பூர் செந்தூலில் பழைய இரட்டை மாடி வரிசை வீடு. மாடியில் ஒரு கழிவறை, கீழே சமையலறைக்குப் பக்கத்தில் இன்னொன்று. கீழே இருப்பது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்கிறது. பைப்புக்காரர் மூன்று தடவை வந்து, தடவைக்கு 150 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு, ஸ்பிரிங் (அடைப்பெடுக்கும் நீளச் சுருள் கம்பி) விட்டுக் குத்திவிட்டுப் போயிருக்கிறார். மாடியில் இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. மாமியார் பிள்ளைகளைத் திட்டுகிறார், பிள்ளைகள் பாட்டியின் ஈர டிஷ்யூவைக் காட்டுகிறார்கள், உங்கள் வீட்டுக்காரர் கழிவறைக் கோப்பையையே மாற்றிவிடலாம் என்கிறார். புதுக் கோப்பை போட்டால் தீருமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் உள்ளுக்குள் நீங்கள் கேட்பது வேறு: குற்றம் ஆளிடமா, கோப்பையிலா, குழாயிலா?

நான் பொறியாளர் இல்லை. கோலாலம்பூரில் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளிலும் அடுக்குமாடி கொண்டோக்களிலும் 25 வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். அதில் பாதி நாள் பைப்போடுதான் போனது. உங்கள் வீட்டைப் பார்க்காமல் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இடத்தைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்ல முடியும். அதற்கு அரை மணி நேரமும் ஒரு வாளியும் வீட்டில் இன்னொரு ஆளும் போதும்.

முதலில் ஒன்று. எப்போதாவது அடைப்பது வேறு, திரும்பத் திரும்ப அடைப்பது வேறு. யாரோ ஒரு நாள் டிஷ்யூவை அள்ளிப் போட்டதால் வந்த அடைப்பு, குத்திவிட்டால் போய்விடும், மறுபடி வராது. இரண்டு வாரத்தில் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது என்றால், உள்ளே ஏதோ ஒன்று நகராமல் உட்கார்ந்திருக்கிறது, அல்லது குழாயின் வாட்டமே, அதாவது சரிவே, சரியில்லை. ஸ்பிரிங் அதில் ஓட்டை போடுகிறதே தவிர அதை வெளியே எடுப்பதில்லை. உங்கள் 450 வெள்ளி மூன்று ஓட்டைகளுக்குப் போயிருக்கிறது.

பைப்புக்காரரை மட்டும் குறை சொல்லமாட்டேன், நானும் அதைச் செய்தவன்தான். செத்தாப்பாக்கில் ஒரு வீடு, பத்து நாளைக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள். இரண்டு தடவை ஸ்பிரிங் விட்டேன், தண்ணீர் சர்ரென்று போனது, காசு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றாவது தடவை எனக்கே வெட்கமாகிவிட்டது. கோப்பையைச் சுற்றியிருந்த வெள்ளைச் சிமெண்டை உளியால் கொத்தி, கோப்பையைக் கழற்றிக் கவிழ்த்து, அடிப்பக்கத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள் வளைவில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் கூடு குறுக்கே நின்றது. கோப்பை விளிம்பில் மாட்டுவோமே, வாசனைக் கட்டி வைக்கும் கூடு, அதுதான். கட்டி கரைந்துபோய், கொக்கி உடைந்து, எப்போதோ உள்ளே விழுந்திருக்கிறது. கம்பிக் கதவு போல நின்றுகொண்டு தண்ணீரை விட்டுவிட்டு டிஷ்யூவை மட்டும் பிடித்துவைத்திருக்கிறது. என் ஸ்பிரிங் அதன் கம்பிகளுக்கு நடுவே போய்ப் போய் வந்திருக்கிறது. அந்த வீட்டிலும் யார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். மாடியில் ஒரு குறையும் இல்லை, ஆகவே குழாய் சரி, கோப்பைதான் கெட்டது என்று உங்கள் வீட்டுக்காரர் முடிவு கட்டியிருக்கிறார். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். உங்களுடையது போன்ற வரிசை வீடுகளில் பெரும்பாலும் மாடிக் கழிவறையின் குழாய் சுவரோடு கீழே இறங்கி, தரைக்கடியில் கீழ்க் கழிவறையின் குழாயோடு சேர்ந்து, அப்புறம்தான் மேன்ஹோலுக்குப் போகும். சேர்ந்த பிறகு ஓடும் அந்தப் பொதுக் குழாய் பாதி அடைத்திருந்தாலும் மாடியில் தெரியாது. பத்து அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீர் எப்படியாவது போய்விடும். போக முடியாதபோது அது மேலே ஏறாது, எங்கே தாழ்வாக இருக்கிறதோ அங்கேதான் தலைகாட்டும். அந்தத் தாழ்வான இடம் உங்கள் கீழ்க் கழிவறை. ஆக, மாடி நன்றாக இருப்பதை வைத்து மட்டும் கோப்பை கெட்டது என்றும் சொல்ல முடியாது, குழாய் நல்லது என்றும் சொல்ல முடியாது.

ஆனால் அதே மாடியைக் கொண்டு உண்மையைக் கறந்துவிடலாம். கீழே லேசாக மந்தம் தட்டத் தொடங்கியிருக்கும் ஒரு நாளில் செய்யுங்கள், முழுதாக அடைத்த நாளில் வேண்டாம், பொங்கி வெளியே வந்துவிடும். நீங்கள் கீழ்க் கோப்பையின் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரையே பாருங்கள். மாடியில் ஒருவரை ஃப்ளஷ் செய்யச் சொல்லுங்கள், தொட்டி நிறைந்ததும் மறுபடி ஒருமுறை. கீழே தண்ணீர் மட்டம் ஏறி இறங்குகிறதா, களக் களக்கென்று காற்று வருகிறதா? வந்தால் அநேகமாகக் கோளாறு இரண்டும் சேர்ந்த பிறகு உள்ள குழாயில். கோப்பையை மாற்றுவது வீண் செலவு. தண்ணீர் ஆடாமல் அசையாமல் இருந்தால் கோளாறு கீழ்க் கோப்பைக்கும் அந்தச் சந்திப்புக்கும் நடுவில், அதாவது கோப்பைக்குள்ளேயோ அதன் அடியில் உள்ள சில அடிக் குழாயிலேயோ. இன்னொரு விதமும் உண்டு. தண்ணீர் பொங்காமல், உறிஞ்சப்பட்டது போல மட்டம் இறங்கினால், அது அடைப்பைவிடக் காற்றுக் குழாயின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குழாயில் குருவி கூடு கட்டும், இலை விழும். பின்பக்கம் கூரை இறக்கிச் சமையலறையை நீட்டியபோது காண்ட்ராக்டர் அதை அறுத்து மூடிவிட்டுப் போன வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

மாடிச் சோதனையில் ஒன்றும் அசையவில்லை என்றால் வாளிக்கு வாருங்கள். ஒரு வாளியில் எட்டுப் பத்து லிட்டர் தண்ணீர் எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து ஒரே வீச்சில் கோப்பையின் துளையைப் பார்த்து ஊற்றுங்கள். சிறிது சிறிதாக ஊற்றினால் ஒன்றும் தெரியாது. வாளித் தண்ணீர் கடகடவென்று இழுத்துக்கொண்டு போய்விட்டால் வழி திறந்தே இருக்கிறது, உங்கள் ஃப்ளஷ் தொட்டிதான் போதுமான வேகத்தில் தண்ணீர் விடவில்லை. தொட்டி மூடியைத் திறந்து, உள்ளே போட்டிருக்கும் கோட்டுக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று பாருங்கள். தண்ணீரை மிச்சப்படுத்த யாரோ உள்ளே செங்கல்லோ பாட்டிலோ வைத்திருக்கலாம். இரட்டைப் பொத்தான் தொட்டியாக இருந்தால் பெரிய பொத்தான் சுமார் 6 லிட்டர், சின்னது 3 லிட்டர் விடும். பிள்ளைகள் எதற்கும் சின்னதையே அழுத்துவார்கள். மூன்று லிட்டர் கோப்பையைக் காலி செய்யும், ஆனால் உள்ளே போனதை மேன்ஹோல் வரை கொண்டு சேர்க்காது. தண்ணீர்த் தடை நாட்களில் நாலு குவளை ஊற்றிவிட்டு வருவோமே, அதே கதைதான். போனது குழாயில் வழியிலேயே உட்கார்ந்து காய்ந்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் வீடியோக்களில் உப்புத் தண்ணீரால் கோப்பை விளிம்பின் ஓட்டைகள் அடைத்துவிடும், வினிகர் ஊற்று என்பார்கள். அங்கே ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீருக்கு அது சரி. இங்கே நமக்கு வருவது ஆற்றுத் தண்ணீர், உப்புக் குறைவு. விளிம்பு ஓட்டையை ஒரு கண்ணாடி வைத்துப் பார்த்துவிடுங்கள், ஆனால் அதில் அதிக நேரம் போக்க வேண்டாம்.

வாளித் தண்ணீரும் எழும்பி நின்று மெதுவாக இறங்கினால் கோப்பையின் வளைவுதான் முதல் சந்தேகம். வெளியே 4 அங்குலக் குழாய் இருந்தாலும் கோப்பைக்குள் இருக்கும் வளைவு பல மாடல்களில் ஏறக்குறைய 2 அங்குலம்தான். பல் துலக்கும் பிரஷ், பிள்ளைகளின் பொம்மைச் சக்கரம், நான் சொன்ன வாசனைக் கூடு எல்லாம் நிற்பது அங்கேதான். ஈர டிஷ்யூவைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. கழிவறைக்கான டிஷ்யூ தண்ணீரில் கொஞ்ச நேரத்தில் நைந்துபோகும். ஈர டிஷ்யூ துணி மாதிரி, பெரும்பாலானவை நாட்கணக்கில் கிடந்தாலும் கிழியாது, பாக்கெட்டில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். நம்பாவிட்டால் இரண்டையும் இரண்டு கிளாஸ் தண்ணீரில் போட்டு மறுநாள் ஸ்பூனால் கலக்கிப் பாருங்கள். மாதவிடாய் நாப்கின் அதைவிட மோசம், உள்ளே போய்த் தண்ணீரைக் குடித்து உப்பிவிடும். ஆனால் பாட்டியின் டிஷ்யூதான் உங்கள் வீட்டுக் காரணமா என்றால் அது பாதிக் காரணமாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். வழுவழுப்பான நல்ல குழாயில் ஒன்றிரண்டு போய்விடும். ஏற்கனவே ஏதோ ஒன்று பிடித்து நிறுத்தும் இடத்தில்தான் அது சிக்கும். அதற்காகப் போடலாம் என்று அர்த்தமில்லை, கோப்பைக்குப் பக்கத்தில் மூடி போட்ட குப்பைக் கூடை ஒன்றை வைத்துவிடுங்கள். பாட்டியிடம் சண்டை வேண்டாம்.

ரப்பர் பம்பை எல்லோரும் கீழ்நோக்கிக் குத்துவதற்கு என்று நினைக்கிறார்கள். அது இழுப்பதற்கு. ஹார்ட்வேர் கடையில் கிண்ணம் மாதிரி இருப்பது சிங்குக்கு. கிண்ணத்துக்குள் இன்னொரு உதடு நீட்டிக்கொண்டிருப்பதுதான் கழிவறைக்கு. கிண்ணம் மூழ்கும் அளவு தண்ணீர் வேண்டும், காற்றை வைத்துக்கொண்டு பம்ப் அடித்தால் ஒன்றும் நடக்காது. மெதுவாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு, ஓட்டையை விட்டு விலகாமல் பத்துப் பதினைந்து தடவை அமுக்கி இழுத்து, கடைசியில் வெடுக்கென்று இழுங்கள். சிக்கியது பொருளாக இருந்தால் உள்ளே தள்ளுவதைவிட இந்தப் பக்கம் வர வைப்பதுதான் நமக்கு லாபம்.

கடையில் விற்கும் ஆசிட், காஸ்டிக் சோடா இரண்டும் வேண்டாம். பிளாஸ்டிக் கூட்டையும் ஈர டிஷ்யூவையும் அவை நம்பத் தகுந்த அளவுக்குக் கரைப்பதில்லை. காஸ்டிக் சோடா தண்ணீரில் பட்டதும் கொதிக்கும் சூடாகும், அந்தச் சூட்டில் பிவிசி குழாய் இளகலாம், கோப்பையில் கீறல் விழலாம். அதைவிட ஆபத்து, ஒருவர் ஆசிட் ஊற்றியிருக்க, தெரியாமல் இன்னொருவர் குளோரோக்ஸ் (பிளீச்) ஊற்றுவது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். நம் கழிவறைகளின் அளவு உங்களுக்கே தெரியும், ஒரு சின்ன ஜன்னல், மூச்சு முட்டிவிடும். ஏற்கனவே எதையாவது ஊற்றியிருந்தால் அடுத்து வரும் பைப்புக்காரரிடம் கதவைத் திறந்ததும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நான் ஒருமுறை யாரும் சொல்லாமல் பம்ப் அடித்து முழங்கையில் வாங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது. உங்களுக்கு வேண்டுமானால் பாத்திரம் கழுவும் சோப்பு அரை கப் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் ஒரு வாளித் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். கெடுதல் இல்லை. சாதாரண அடைப்பாக இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

இனி மாடியில் ஃப்ளஷ் செய்தபோது கீழே தண்ணீர் ஆடியது என்று வைத்துக்கொள்வோம். அப்போது மேன்ஹோல்தான் சாட்சி. உங்கள் மாதிரி வீடுகளில் ஒன்று வீட்டு எல்லைக்குள்ளேயும், பொதுச் சாக்கடையின் மேன்ஹோல் பெரும்பாலும் பின் சந்திலும் இருக்கும். உள்ளே இருப்பதைத் தேடினால் கிடைக்காமல் போகலாம், ஏனென்றால் சமையலறையைப் பின்னால் நீட்டிய பாதி வீடுகளில் அதன் மேல் டைல்ஸ் போட்டுவிட்டார்கள். கெப்போங்கில் ஒரு வீட்டில் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போனேன். டங் டங் என்று வந்த சத்தம் கேஸ் அடுப்புக்குக் கீழே டொப் என்று மாறியது. அந்த அம்மா எட்டு வருடமாக மேன்ஹோல் மேல் நின்று சமைத்திருக்கிறார்! டைல்ஸை உடைத்து மூடியைத் தூக்கினால் உள்ளே காண்ட்ராக்டர் கழுவிவிட்ட சிமெண்ட் குழம்பு வாய்க்காலின் பாதி உயரத்துக்குக் கல்லாகக் கிடந்தது. புதுப்பித்த வீடுகளில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். டைல்ஸ் இடுக்குக்குக் கலக்கிய சிமெண்டை மிச்சம் என்று கழிவறையில் ஊற்றிவிட்டுப் போவார்கள். உங்கள் வீட்டில் எப்போது வேலை செய்தீர்கள், அடைப்பு எப்போது தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள்.

மூடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். தலையை உள்ளே விட வேண்டாம், சிகரெட்டும் கூடாது, எந்தக் காரணத்துக்கும் இறங்கக் கூடாது. சாக்கடை வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்றப் போனவரையும் சேர்த்து. வெளியே நின்று பார்த்தாலே போதும். கீழே கழிவறை அடைத்திருக்கும் நேரத்தில் மேன்ஹோல் காய்ந்து கிடந்தால் அடைப்பு வீட்டுக்கும் மேன்ஹோலுக்கும் நடுவில், அது உங்கள் செலவு. மேன்ஹோலில் தண்ணீர் நிறைந்து நின்றால் அடைப்பு அதற்கு அப்பால். பின் சந்தில் உள்ள பொது மேன்ஹோலும் நிறைந்து நின்றால் உங்கள் பைப்புக்காரரைக் கூப்பிடாதீர்கள், சாக்கடையைப் பராமரிக்கும் இண்டா வாட்டர் நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். பொதுச் சாக்கடை அவர்கள் பொறுப்பு, உங்கள் எல்லைக்குள் ஓடும் குழாய் உங்கள் பொறுப்பு. பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், அவர்களும் வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு பம்ப் அடித்துக்கொண்டிருக்கலாம்.

பழைய வீடு என்பதால் இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, உங்கள் வீடு பொதுச் சாக்கடையோடு இணைந்ததா, செப்டிக் டேங்க் உள்ளதா? கோலாலம்பூரில் இன்னும் சில பழைய வீடுகளில் டேங்க் உண்டு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசடு எடுக்காவிட்டால் அது திரண்டு வெளியேறும் வாயை அடைக்கும். அடை மழைக்கு அடுத்த நாள்தான் அடைக்கிறது என்றால் என் கை முதலில் அந்தப் பக்கம்தான் போகும். இரண்டு, அந்தக் காலத்து மண் குழாய். மூட்டுகளில் விரிசல் விட்டு மரவேர் தலைமுடி போல உள்ளே இறங்கியிருக்கும். வாசலில் மாமரமோ பின்னால் முருங்கையோ இருக்கிறதா? வேரை ஸ்பிரிங் அறுக்கும், வேர் திரும்ப வளரும். கணக்காக இடைவெளி விட்டு வரும் அடைப்புக்கு இது ஒரு காரணம். ஆனால் வேர் இரண்டு வாரத்தில் வளர்ந்து அடைப்பதில்லை, மாதங்கள் ஆகும். அதனால் உங்கள் வீட்டுக்கு இதை நான் கடைசியில்தான் வைப்பேன். இதற்கெல்லாம் ஊகத்தைவிடக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது மேல். நாலாவது தடவை குத்தச் சொல்லிக் கொடுக்கும் காசை அதற்குக் கொடுங்கள். படத்தைக் கைப்பேசியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை அடி தூரத்தில் என்ன இருக்கிறது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதைப் படித்தால், மேன்ஹோலைத் தேடி அலைய வேண்டாம். பல வீடுகளுக்குப் பொதுவாக இறங்கும் செங்குத்துக் குழாய் நிர்வாகத்தின் பொறுப்பு. உங்கள் வீட்டுக்கு மட்டும் உள்ள கிளைதான் உங்களுடையது. எழுத்தில் புகார் கொடுத்து, தேதி போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கோப்பை. மாடியில் ஃப்ளஷ் செய்து கீழே அசையாமல் இருந்து, வாளித் தண்ணீரும் எழும்பி நின்று, பம்ப் அடித்தும் மறுபடி வந்தால், அப்போது கோப்பையைக் கழற்றலாம். மாற்றுவதற்கு அல்ல, முதலில் பார்ப்பதற்கு. கவிழ்த்துத் துளைக்குள் டார்ச் அடித்து, தரையில் உள்ள குழாய் வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். கோப்பையைச் சிமெண்டில் உட்கார வைக்கும்போது அதிகமான சிமெண்ட் பிதுங்கி அந்த வாயைப் பாதியாக்கிவிடுவது நம் ஊரில் சகஜம். அதைக் கொத்திவிட்டால் பழைய கோப்பையே இன்னும் பல வருடம் ஓடும். கழற்றும்போது உடைந்துவிட்டால் அல்லது மாற்றியே தீருவது என்றால், சுவரிலிருந்து தரைத்துளையின் மையம் வரை டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அளவு பொருந்தாத கோப்பையை வளைந்த இணைப்பு போட்டுச் சமாளிப்பார்கள், அந்த வளைவே அடுத்த அடைப்புக்கு வீடாகும்.

சனிக்கிழமை காலையில் எல்லோரும் பசியாறி முடித்த பிறகு அந்த மாடிச் சோதனையைச் செய்து பாருங்கள். கீழே தண்ணீர் ஏறியதா, இறங்கியதா, அசையவே இல்லையா என்று மட்டும் எழுதுங்கள், அடுத்து எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்.